வாறுகாலில் விடத் தகாதவை

அவர் தெருவில் வரும்போது முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். வாறுகாலைப் பார்த்தபடியே நடப்பார். வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓடும் திறந்த சாக்கடைக்கு எங்கள் பக்கத்தில் வாறுகால் என்று பெயர். எதிரே வருகிறவர் வணக்கம் சொன்னால் "ம், ம்" என்பார். நிமிர மாட்டார். ஊர் அவருக்கு 'வாறுகால் சார்' என்று பெயர் வைத்திருந்தது.

கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரும் ஒரு சிறிய ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். பருத்திக் கமிஷன் கடைகள் ஒரு தெரு, தீப்பெட்டி ஆபீஸ்கள் ஒரு தெரு. தீப்பெட்டி செய்யும் இடத்தை ஆபீஸ் என்றுதான் அங்கே சொல்வார்கள். சுற்றிலும் கரிசல் காடு. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கு அவர் சானிட்டரி இன்ஸ்பெக்டர். நான் கோவில்பட்டியில் அறை எடுத்துத் தங்கி ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பஞ்சாயத்துக் கூட்டம் நடக்கும் நாட்களில் அங்கே போவேன்.

முதன்முதலாக அவரைப் பார்த்தது பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடை வாசலில். காக்கி அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். வலது கையை வாறுகாலுக்குள் விட்டார். உடனே வெளியே இழுத்து உதறினார்.

"பாய், வெளிய வாங்க."

கடைக்காரர் தோளில் துண்டோடு வந்தார். "என்ன சார், வாசல்ல உக்காந்துட்டீங்க? உள்ள வாங்க, இலை போடச் சொல்லுதேன்."

"கையை இதுல வைங்க."

"எதுல?"

"நீங்க ஊத்துன கஞ்சியிலதான்."

"கொதிக்குமே சார்! இப்பத்தானே வடிச்சு ஊத்துனாங்க."

"கொதிக்கும்னு உங்களுக்குத் தெரியுது. பாலத்துக்கு அடியில குனிஞ்சு நின்னு அள்ளிக்கிட்டிருக்கானே, அவனுக்கு எப்படித் தெரியும்?"

பாய் நல்ல மனிதர். அந்த வாரமே பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்துக் கஞ்சியை அதில் ஆறவிட்டார். ஆறிய கஞ்சிக்கு ஆட்டுக்காரர்கள் குடத்தோடு வந்து நிற்க ஆரம்பித்தார்கள். அடுத்த முறை நான் போனபோது பாய் அலுத்துக்கொண்டார். "சார் புண்ணியத்துல வாசல் பூராவும் ஆடு. சாப்பிட வாறவன் ஆட்டை விலக்கிட்டுத்தான் உள்ள வரணும். நாலு பேரு இது ஆட்டுக்கறிக் கடைன்னு நெனைச்சு வந்துட்டுப் போறான்."

வாறுகாலில் எதையெல்லாம் விடக்கூடாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அச்சடித்த ஆங்கிலத் தாள். அதை அவரே தமிழில் எழுதி, கோந்து தடவி, பஞ்சாயத்து ஆபீஸ் கதவிலும் கடைத்தெருத் தூண்களிலும் ஒட்டியிருந்தார். தலைப்பு, 'பொது வாறுகாலில் விடத் தகாதவை'. கொதிநீர். நீராவி. எண்ணெய், பெட்ரோல், மண்ணெண்ணெய். சாம்பல், மணல், செங்கல் துண்டு. கண்ணாடி, தகரம். சாயத் தண்ணீர், தோல் ஊறிய தண்ணீர். எளிதில் தீப்பற்றக்கூடிய எந்தப் பொருளும். அழகான கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் கீழே சிவப்பு மையில் கோடு.

கொதிநீர் என்றால் எத்தனை டிகிரி என்று ஆங்கிலத் தாளில் கணக்கு இருந்தது. பஞ்சாயத்தில் வெப்பமானி கிடையாது. வாங்கித் தரச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கேட்டிருந்தார், வரவில்லை. அதனால் கையை விட்டுப் பார்த்தார். கொஞ்ச நாளில் எல்லாவற்றுக்குமே கையை விட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் அந்தத் தாளை என்னிடம் காட்டி, "இதை எழுதுன வெள்ளைக்காரன் வாறுகாலுக்குச் சேதம் வரக்கூடாது, ஓட்டம் தடைபடக்கூடாதுன்னு எழுதியிருக்கான். கல்லுக்கு என்னய்யா சேதம்? வாறுகால்னு வாற இடத்துல எல்லாம் நான் கைன்னு போட்டு வாசிக்கேன். அப்பத்தான் ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு விளங்குது" என்றார். அவர் என்னோடு பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

சலூன்காரர் பழைய பிளேடுகளை வாறுகாலில் போடுவது அவருக்குத் தெரியும். நேரே போய்க் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டார். எழுந்திருக்கும்போது கேட்டார்.

"இந்த பிளேடை என்ன செய்வீங்க?"

"தூரப் போட்டுருவேன் சார்."

"தூரம்னா எங்கன?"

சலூன்காரர் வாசல் பக்கம் பார்த்தார்.

"அது தூரம் இல்லைய்யா. அங்கன சுடலையோட கால் இருக்கு."

வாறுகால் அள்ளும் நான்கைந்து பேரில் சுடலை ஒருவர். நாற்பது வயதிருக்கும். கையில் மம்பட்டி, தலையில் சும்மாடு, மடியில் ஒரு பீடிக்கட்டு. ஊருக்கு மேற்கே அவர்கள் குடியிருந்த வரிசையில் முதல் வீடு. மனைவி பெயர் பேச்சி. நாக்கு நீளம் என்று அந்த வரிசையில் அவருக்குப் பெயர்.

இன்ஸ்பெக்டர் சுடலையிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "ஏய்யா, ஓரத்துல வரப்பு மாதிரி விட்டுருக்க. இழுத்து அள்ளு" என்பார். "கூடையை நெறைக்காத, கழுத்து ஒடியும்" என்பதையும் அதட்டலாகத்தான் சொல்வார். சுடலை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு: "சார் என் மூஞ்சியப் பாத்துப் பேசுனதே கெடையாது. மம்பட்டியப் பாத்துத்தான் பேசுவாரு. என்னைய வேற எங்கனயாச்சும் பாத்தா அடையாளமே தெரியாது."

இன்ஸ்பெக்டர் வீட்டிலும் இதே ஆவலாதிதான். ஒருமுறை ஒரு காகிதம் வாங்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தண்ணீரைத் துணி கட்டிய வாளியில் ஊற்றி, சோற்றுப் பருக்கையையும் மீன் முள்ளையும் தனியாக எடுத்துவிட்டுத்தான் வாறுகாலில் விட்டார். "இவியளுக்குப் பொண்ணு பாக்கையில வாறுகால் இருக்க வீடான்னு கேட்டுட்டுத்தான் சரின்னு சொல்லியிருப்பாவ" என்றார் என்னிடம்.

மனிதர்கள் வாறுகாலில் விடக்கூடாதவற்றுக்கு அவ்வளவு விதி வைத்திருந்தவர், தானாகவும் ஒரு விதி செய்தார். அள்ளிய சகதியை உடனே வண்டியில் ஏற்றினால் அது கடைத்தெரு நெடுகிலும் ஒழுகிக்கொண்டு போகும். துணிக் கடைக்காரர்கள் மனு கொடுத்தார்கள். அதனால், அள்ளிய சகதியை வாறுகால் ஓரத்திலேயே குவித்து இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள்தான் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். தெரு சுத்தமானது. கூடையின் கனமும் பாதியாகக் குறைந்தது. அந்த உத்தரவில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அதையும் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்.

இனித் தீப்பெட்டி ஆபீஸ்.

குச்சிகளை மரச்சட்டத்தில் அடுக்கி, அவற்றின் தலையை மருந்துக் குழம்பில் தோய்த்து எடுப்பார்கள். சாயந்தரம் வேலை முடிந்ததும் மருந்துத் தட்டுகளில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கழுவ வேண்டும். அந்தக் கழுவலை வாறுகாலில் விடக்கூடாது என்று அவர் ஒவ்வொரு ஆபீஸுக்கும் போய்ச் சொல்லி, வளாகத்துக்குள்ளேயே உறிஞ்சுகுழி தோண்ட வைத்தார். தண்ணீர் மண்ணில் இறங்கிவிடும், மிச்சத்தை வெட்டி எடுத்துப் புதைத்துவிடலாம். எல்லோரும் தோண்டினார்கள். கோடையில் சரியாகவே நடந்தது.

கரிசல் மண் ஒரு மழை பெய்தால் போதும், ஊதி இறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது. ஐப்பசி மழையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸின் குழி நிரம்பித் தளும்பியது. முதலாளி, ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்று அழைக்கிறவர், பஞ்சாயத்து ஆபீஸுக்கே வந்து சொன்னார்: "சார், உங்க குழி குடிக்க மாட்டேங்குது. நான் என்ன செய்ய?" மழை விடும்வரை பீப்பாயில் பிடித்து வைக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். சில நாள் பிடித்து வைத்தார்கள். பிறகு சுவரோரத்தில் ஒரு கல்லைப் பெயர்த்து, தட்டுக் கழுவலை வாறுகாலுக்குத் திருப்பிவிட்டார்கள். மழை நின்று குழி காய்ந்த பிறகும் அந்தக் கல்லைத் திரும்ப வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

தை மாதம். வாறுகாலில் ஓட்டம் குறைந்து, சுவருக்கு அடியில் மருந்தும் கோந்தும் சகதியுமாகப் படிந்திருந்தது. சுடலை அதை அள்ளி ஓரத்தில் குவித்தார். உத்தரவுப்படி இரண்டு நாள் வெயிலில் காய்ந்தது. மூன்றாம் நாள் காலை கூடையில் ஏற்றுவதற்காகக் குவியலின் அடியில் மம்பட்டியைக் கொடுத்து இழுத்தார். இரும்பு கல்லில் உரசியது. குவியல் முழுவதும் ஒரே சீறலாகத் தீப்பிடித்தது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டன. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. பாய்தான் ஓடிவந்து துண்டைப் போர்த்தி, லாரியில் ஏற்றிக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

சாயந்தரத்துக்குள் ஊரில் ஒரு பேச்சு உருவாகியிருந்தது. சுடலை பீடி பற்றவைத்தார், தீப்பெட்டி ஆபீஸ் குப்பையில் பொறி விழுந்துவிட்டது. மடியில் பீடிக்கட்டு இருந்ததை லாரியில் ஏற்றியவர்கள் பார்த்திருந்தார்கள். பீடி என்று பதிவானால் விபத்து அவருடைய கவனக்குறைவு. ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களுக்குக் கூலி கிடையாது. வேலையும் போய்விடும். அந்த வேலைக்கு மூன்று பேர் காத்திருந்தார்கள்.

மறுநாள் காலை சுடலை அள்ளும் தெருவில் பேச்சி மம்பட்டியோடு இறங்கினார். வேறு ஆள் நுழைந்துவிட்டால் பிறகு இடம் திரும்பக் கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விசாரணை முடியும்வரை அவர் பதிலியாக வேலை செய்யலாம் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்தார்.

விசாரணை பஞ்சாயத்து ஆபீஸ் முற்றத்தில் நடந்தது. நிர்வாக அதிகாரி, உறுப்பினர்கள் சிலர், அண்ணாச்சி, பாய், ஓரத்தில் பேச்சி. நானும் இருந்தேன்.

"மண்ணு எங்கயாச்சும் எரியுமாய்யா?" என்று அண்ணாச்சி சிரித்தார். "நானும் இருபது வருசமாத் தீப்பெட்டி போடுதேன். மருந்து தண்ணியில விழுந்தா செத்த மருந்து. அதுல குளிச்சாக்கூட ஒண்ணும் செய்யாது."

இன்ஸ்பெக்டர் இரண்டு கூடை கொண்டுவரச் சொன்னார். இரண்டிலும் அதே சுவருக்கு அடியில் அள்ளிய சகதி. ஒன்றை இரண்டு நாள் காயவைத்திருந்தார். இன்னொன்று அன்று காலை அள்ளியது, இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. துணி துவைக்கும் கருங்கல்லில் காய்ந்ததைக் கொட்டினார். மம்பட்டியை எடுத்து உரசினார். ஒன்றும் இல்லை. இரண்டாம் தரமும் ஒன்றும் இல்லை. "சார், சாயங்காலம்வரை உரசுவீங்களா? நான் காப்பி குடிச்சிட்டு வந்துருதேன்" என்றார் ஓர் உறுப்பினர். மூன்றாம் தரம் சீறியது. ஆள் உயரத்துக்கு எழுந்து அடங்கியது. காப்பி குடிக்கக் கிளம்பியவர் தூணுக்குப் பின்னால் இருந்தார். இன்ஸ்பெக்டரின் இடது புருவம் கருகிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் ஈரச் சகதியையும் அதே கல்லில் கொட்டி, அதே மம்பட்டியால் மறுபடி மறுபடி உரசிக் காட்டினார். அது எரியவில்லை.

நிர்வாக அதிகாரி கூர்மையான மனிதர். அவர் முகம் மாறியது. "ஈரத்தோட ஏத்தியிருந்தா எரிஞ்சிருக்காது. அப்படித்தானே?"

"அப்படித்தான் சார்."

"காயவிடச் சொன்னது யாரு?"

"நான்தான். உத்தரவு கதவுல ஒட்டியிருக்கு."

அதிகாரி அவரை அறைக்குள் அழைத்தார். கதவு திறந்தே இருந்தது, பேச்சு முற்றத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"நான் ஒங்களுக்கு நல்லதுக்குச் சொல்லுதேன். மருந்துக் கழுவலை வாறுகால்ல விட்டாங்க, தப்பு அவங்க மேலன்னு எழுதுங்க. அது போதும். காயவிட்ட வரி வேண்டாம். அது மேல போனா ஒங்களைச் சும்மா விடமாட்டாங்க."

"அதை விட்டா சரியா வராது சார்."

"ஏன் வராது?"

"காயவிட்டதை நான் எழுதலைன்னா, குவியல் ஈரமா இருந்துச்சுன்னு ஆகும். ஈரமண்ணு எரியாதுன்னு அண்ணாச்சி சொல்லிருவாரு. அவரு சொல்லுதது சரிதான், இப்பப் பாத்தோம்லா. அப்ப தீ எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. மிச்சம் இருக்கது பீடிதான்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு, "ஒங்களுக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்கல்லா" என்றார்.

"ஆமா சார்."

"இன்னொரு தரம் யோசிச்சுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் அங்கேயே மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை நான் பிறகு கோப்பில் பார்த்தேன். ஒரு பக்கம். தீப்பெட்டி ஆபீஸ் விடத் தகாததை விட்டது என்று முதல் பத்தி. விடத் தகாததைக் கண்டுபிடிக்காமல் காயவிட உத்தரவிட்டது இன்ஸ்பெக்டராகிய நான் என்று இரண்டாம் பத்தி. தொழிலாளியின் பேரில் குற்றம் எதுவும் இல்லை என்று மூன்றாம் பத்தி. வழக்கம்போலக் கோடு போட்டிருந்தார். மூன்று பத்திகளிலும் கோட்டின் நீளம் ஒன்றுதான்.

நான் அனுப்பிய செய்தி நாலாம் பக்கத்தில் ஆறு வரி வந்தது. இரண்டாம் பத்தியை இடம் போதாது என்று எடுத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி அபராதத்தைக் கட்டினார். சுவரில் பெயர்த்த கல்லைத் தானே நின்று திரும்ப வைக்கச் சொல்லி, குழியையும் சிமெண்டுத் தொட்டியாக மாற்றினார். காயவிடும் உத்தரவு கதவிலிருந்து கிழிக்கப்பட்டது. சுடலைக்கு ஆஸ்பத்திரி நாட்களின் கூலி வந்தது, வேலையும் இருந்தது. பங்குனி கடைசியில் இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு வந்தது. ஒரு வருடச் சம்பள உயர்வு நிறுத்தம், வடக்கே எங்கோ ஒரு ஊருக்கு மாற்றல்.

குடும்பத்தை முன்னாலேயே அனுப்பிவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு வந்தார். நான் போயிருந்தேன். பகல் வண்டி. மூன்றரைக்கு என்று அவர்தான் சொன்னார். பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து யாரும் வரவில்லை. பாய் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார்.

பிளாட்பாரத்தின் கடைசியில், வேப்பமரத்துக்கு அடியில், சுடலையும் பேச்சியும் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் வரத் தயங்கினார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். நானும் பின்னால் போனேன். சுடலையின் கைகளில் கட்டுப் பிரித்திருந்தார்கள். தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. வலது சுண்டுவிரல் மடங்கவில்லை.

"ரெண்டு மாசம் கழிச்சு மம்பட்டியத் தொட்டாப் போதும்" என்றார் அவர். "அதுவரை பேச்சியே பாக்கட்டும். புதுசா வந்தவருக்கு எழுதி வச்சிருக்கேன்."

சுடலை தலையாட்டினார். பிறகு, ஏற்கெனவே மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுபோல ஒரே மூச்சில் சொன்னார்: "எனக்காக ஒங்க பேரை எழுதிட்டீங்களே சார். பீடின்னே இருந்துட்டுப் போயிருக்கலாம். நான் காட்டு வேலைக்குப் போயிருப்பேன். நீங்க ஊரை விட்டுப் போக வேண்டாம்லா."

"ஒனக்காக எழுதலைய்யா" என்றார் அவர், வழக்கமான அதட்டலில். "நடந்ததை எழுதுனேன். ஒனக்காக எழுதுறதா இருந்தா பொய்யும் எழுதலாம்லா. நடந்ததுக்கு மேல ஒரு வரி கெடையாது."

சுடலை அதை ஏற்றுக்கொண்டதுபோல நின்றார். பேச்சி ஏற்றுக்கொள்ளவில்லை.

"அப்படியா சார்?" என்றார். "நான் தெருவுல நின்னு அள்ளிக்கிட்டிருக்கையில, ஆஸ்பத்திரியில இவியளுக்கு ரெண்டு கையும் கட்டு. தெனமும் மத்தியான பஸ்ஸுக்கு வந்து, பக்கத்துல உக்காந்து, சோத்தைப் பெசஞ்சு வாயில ஊட்டிவிட்டது யாரு? மீன் முள்ளை எடுத்துட்டு ஊட்டிவிட்டீகளாமே. அதுவும் நடந்ததுதான? அதை எங்கன எழுதியிருக்கீங்க?"

எனக்கு அது அப்போதுதான் தெரியும். ஆஸ்பத்திரி என் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் அங்கே ஒரே ஒரு தடவை, செய்திக்காகப் போயிருந்தேன், அதுவும் காலையில்.

சுடலை மனைவியை முழங்கையால் இடித்தார். "வாய மூடுட்டி."

இன்ஸ்பெக்டர் பேச்சியைப் பார்த்தார். சுடலையைப் பார்த்தார். பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, "வண்டி எத்தனை மணிக்குய்யா?" என்று கேட்டார்.